களைத்த இதயத்துக்கு ஓய்வு: தற்காலிக இதயப் பம்புகள்



நள்ளிரவு நேரம். மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாயிலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது. மாலையில் மார்வலி என்று சொன்ன தந்தையார் உள்ளே நினைவு மங்கிக் கிடக்கிறார். அடைபட்டிருந்த இரத்தக் குழாயை மருத்துவர்கள் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டனர். ஆயினும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. மருத்துவர் வெளியே வந்து, "இதயத்துக்குத் துணையாக ஒரு பம்பு வைக்கலாம். சில நாட்களுக்குத்தான். விரைவில் முடிவு சொல்லுங்கள்" என்கிறார். மூத்த மகனின் கையில் ஒப்புதல் படிவம். அதில் உள்ள சொற்களில் பாதி அவருக்குப் புரியவில்லை. "அப்பா பிழைப்பாரா?" என்ற ஒரே கேள்விதான் அவருக்குத் தோன்றுகிறது.

இத்தகைய இரவு எந்த இல்லத்துக்கும் வரக்கூடும். வந்த பின்னர் நிதானமாகக் கற்றுக்கொள்ள நேரம் இராது. குடும்பத்தார் ஒன்றுகூடி மகிழ்ந்திருக்கும் நாளில் இதைப் பற்றிச் சிறிது அறிந்து வைத்தல், அந்த இரவில் கைவிளக்காக உதவும்.

இதயத்தின் ஓயாத உழைப்பு

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. அமர்ந்திருக்கும் மனிதருக்கே அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைத்தாக வேண்டும். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஏழாயிரம் லிட்டருக்கு மேலாகும். கை முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். வயிறு கெட்டால் ஒருநாள் உணவை ஒறுத்து ஓய்வு தரலாம். இதயத்துக்கு மட்டும் அவ்வாறு ஓய்வு தர இயலாது. புண்பட்ட நிலையிலும் அது உழைத்துக்கொண்டே ஆற வேண்டியிருக்கிறது.

பெரிய மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பெரும்பகுதி திடீரெனச் செயலிழந்தால், எஞ்சிய தசையால் உடலின் தேவையை ஈடுகட்ட முடிவதில்லை. இரத்த அழுத்தம் வீழ்கிறது. கைகால்கள் சில்லிட்டு வியர்க்கின்றன, சிறுநீர் குறைகிறது, அறிவு தடுமாறுகிறது. இந்நிலையைக் கார்டியோஜெனிக் ஷாக் என்பர். மாரடைப்பு வந்து மருத்துவமனை சேர்வோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இந்நிலையை அடைகின்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரை, எத்தனையோ முன்னேற்றங்களுக்குப் பின்னும், இழக்கவே நேர்கிறது. காரணம் ஒரு தீய சுழற்சி. இதயம் தளர்ந்தால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் குழாய்களில் ஓட்டம் குறைகிறது. அதனால் இதயம் மேலும் தளர்கிறது. சில மணி நேரத்துக்குள் சிறுநீரகமும் கல்லீரலும் சோர்ந்து விழுகின்றன.

முதலில் மருத்துவர்கள் கையாள்வது, இதயத்தின் துடிப்பை வலுவாக்கியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளை. அவை இன்றியமையாதவை, ஆனால் அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கவலை இறைத்த காலத்தைக் கண்ட முதியோர் இதை எளிதில் உணர்வர். களைத்துத் தள்ளாடும் மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் இன்னும் இரண்டு சால் இழுக்கும், பின்னர் படுத்துவிடும். பட்டறிவுள்ள உழவர் மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டி, பயிர் வாடாதிருக்க அதுவரை வேறு வழியில் நீர் பாய்ச்சுவார். தற்காலிக இதயப் பம்பு செய்வதும் இதுவே. உடலுக்கு இரத்தம் குறையாமல் காத்து, அந்த இடைவேளையில் இதயத்தின் சுமையை இறக்கி வைக்கிறது.

பலூன் பம்பு

இதயத்தின் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கலாம் என்பதை 1953 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் மெய்ப்பித்தார். அவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இதய நுரையீரல் கருவியின் துணையால், ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த துளை அடைக்கப்பட்டது. ஆனால் அது அறுவை அரங்கில் சில மணி நேரத்துக்கு மட்டுமே உதவிய பெருங்கருவி. படுக்கையருகே சில நாட்கள் இயங்கத்தக்க சிறிய துணை வேண்டும் என்ற தேவை அப்படியே இருந்தது.

அத்தேவையை நிறைவு செய்தவர்களுள் முதன்மையானவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பணியாற்றிய அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ். 1967இல் அவர் கார்டியோஜெனிக் ஷாக் நிலையிலிருந்த 45 வயதுப் பெண்மணி ஒருவருக்குப் பலூன் பம்பை வைத்துக் காப்பாற்றினார். அதே ஆண்டு டிசம்பரில், உலகின் முதல் மனித இதய மாற்று தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த மூன்றாம் நாள், கான்ட்ரோவிட்ஸும் ஒரு பச்சிளங்குழந்தைக்கு இதய மாற்று செய்தார். அக்குழந்தை சில மணி நேரமே உயிர் வாழ்ந்தது. உலகம் இதய மாற்றைப் பற்றியே பேசியது. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளில் உலகெங்கும் மருத்துவமனைகளில் நாள்தோறும் பயன்பட்டது அவரது எளிய பலூன்தான்.

தொடையிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள நீண்ட பலூனை மார்பின் பெருந்தமனியில் நிறுத்துவர். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் கணத்தில் ஹீலியம் வாயுவால் பலூன் விரிகிறது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களுக்குள் கூடுதல் இரத்தம் தள்ளப்படுகிறது. இதயம் சுருங்கப் போகும் கணத்தில் பலூன் சுருங்குகிறது. எதிரே தடை குறைவதால் இதயம் எளிதாக இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஹீலியம் மிக இலேசான வாயு ஆதலால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஈடுகொடுத்து விரைந்து போய்வருகிறது.

இவ்வளவு அழகிய ஏற்பாடு உயிர்களைக் காக்கும் என்றே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பப்பட்டது. 2012இல் ஜெர்மனியில் 600 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பினால் ஷாக் நிலையை அடைந்தோருள் பலூன் வைக்கப்பட்டவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 39.7, வைக்கப்படாதவர்களில் 41.3. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பலூன் தரும் துணை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கூட இராது. பெருஞ்சுமையைத் தாங்க அது போதவில்லை. கருவி வியப்புக்குரியதாக இருப்பதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தை மருத்துவ உலகம் அன்று கற்றது.

எகிப்தில் கண்ட நீர்த்திருகு

வலிமை மிக்க சிறு பம்புக்கான கருத்து ஒரு வயற்புறத்தில் பிறந்தது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் வாம்ப்ளர் 1976இல் மருத்துவத் தொண்டுக்காக எகிப்து நாட்டின் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தார். அங்கே மக்கள் ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் பழைய திருகு முறையில் நீரை மேலேற்றிக்கொண்டிருந்தனர். சாய்வாக வைக்கப்பட்ட குழாய்க்குள் திருகு சுழலச் சுழல, நீர் இடையறாது மேலேறியது. இதே திருகைச் சிறிதாக்கி, இரத்தக் குழாய்க்குள் வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார்.

பலர் அதை ஏற்கவில்லை. அத்துணைச் சிறிய திருகு போதிய இரத்தத்தை இறைக்க வேண்டுமானால் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல வேண்டும். அவ்வேகத்தில் சிவப்பணுக்கள் அரைபட்டுப் போகும் என்றனர். இரத்தம் திருகைக் கடக்கும் நேரம் மிகச் சிறிது. ஆகவே சேதமும் சிறிதாகவே இருக்கும் என்பது வாம்ப்ளரின் எதிர்பார்ப்பு. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மாற்றிப் பொருத்தப்பட்ட இதயத்தை உடல் ஏற்க மறுத்ததால் இறக்கும் நிலையிலிருந்த ஒருவருக்கு அக்கருவி முதன்முதலாகப் பயன்பட்டது. சுமார் இரண்டு நாட்கள் அது இரத்தத்தை இறைத்தது. அந்த ஓய்வில் இதயம் தேறியது. கருவி வெளியே எடுக்கப்பட்டது. இரண்டே நாள் ஓய்வு ஓர் இதயத்தை மீட்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

வாம்ப்ளரின் கருவியில் மோட்டார் உடலுக்கு வெளியே இருந்தது. நீண்ட கம்பி ஒன்று சுழற்சியை உள்ளே கொண்டு சென்றது. கம்பி அறுந்துபோவது பெருங்குறை. ஜெர்மனியின் ஆஃகன் நகரில் மோட்டாரையே சிறிதாக்கிக் குழாயின் நுனியில் பொருத்தி, இம்பெல்லா என்ற பம்பை உருவாக்கினர். இன்று பரவலாகப் பயன்படும் அதன் ஒருவகையில், பம்பின் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டர்கூட இராது. தொடைத் தமனி வழியே சென்று, இதயத்தின் வாயில் வால்வைக் கடந்து, இடக் கீழறைக்குள் அதன் ஒரு முனை நிற்கிறது. மறுமுனை பெருந்தமனியில் இருக்கிறது. நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுழன்று, மூன்றரை லிட்டருக்கு மேல் இரத்தத்தை உள்ளிருந்து உறிஞ்சி வெளியே விடுகிறது. தோளருகே உள்ள தமனி வழியாக அறுவை செய்து வைக்கப்படும் பெரிய வகை 5.5 லிட்டர் வரை இறைக்கும். தொடை விடுதலையாக இருப்பதால் அதனை வைத்துள்ளோர் எழுந்து நடக்கவும் இயலும்.

இதுவும் வெறும் வியப்புதானா, பயனுண்டா என்ற கேள்விக்கு 2024இல் விடை கிடைத்தது. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் பத்தாண்டுகள் நடந்த ஆய்வில் 355 நோயாளிகள் கணக்கில் கொள்ளப்பட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 180 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 58.5, பம்பும் பெற்றவர்களில் 45.8. எட்டுப் பேருக்கு வைத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்று கொள்ளலாம். இந்நோயில் இது பெரிய ஆதாயமே.

ஆனால் அதே ஆய்வு மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. மிகுந்த இரத்தக்கசிவு, காலுக்கு இரத்தம் செல்லாமை, சிவப்பணுச் சிதைவு முதலான கேடுகள் பம்பு பெற்றோருள் நூற்றுக்கு 24 பேருக்கு நேர்ந்தன, பெறாதோருள் 6.2 பேருக்கே. டயாலிசிஸ் போன்ற சிறுநீரகத் துணை தேவைப்பட்டோரும் பம்பு பெற்றவர்களிலேயே அதிகம். மேலும், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, மீட்கப்பட்ட பின்னும் நினைவு திரும்பாதிருந்தோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மூளை எந்நிலையில் உள்ளது என்று அறியாத நோயாளிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

எக்மோ என்ற சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களுக்கும், 2020இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களுக்கும் அது பொருத்தப்பட்ட செய்தியை நாடே கேட்டது. எக்மோ இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்க வல்லது. ஆயினும் மாரடைப்பு ஷாக்கில் அனைவர்க்கும் உடனே எக்மோ வைப்பதால் பயனுண்டா என்று ஆராய்ந்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தோர் எக்மோ பெற்றவர்களில் நூற்றுக்கு 47.8, பெறாதவர்களில் 49.0. வேறுபாடு இல்லையென்றே சொல்ல வேண்டும். பெரிய கருவியே சிறந்தது என்பதில்லை. யாருக்கு, எப்போது, எதற்காக என்பதே முதன்மை.

எதற்கான காலம்?

தற்காலிகப் பம்பு நோயைத் தீர்ப்பதில்லை. அது நாட்களை மட்டுமே வாங்கித் தருகிறது. அந்நாட்களில் என்ன நடக்கும் என்பதே குடும்பம் அறிய வேண்டிய செய்தி. பம்பிலிருந்து வெளியேற நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, இதயம் தானே தேறுதல். வைரஸ் கிருமியால் இதயத் தசை வீங்கியோர், மகப்பேற்றை ஒட்டி இதயம் தளர்ந்த தாய்மார்கள், அடைப்பு விரைவில் திறக்கப்பட்ட மாரடைப்பு நோயாளிகள் ஆகியோரில் பலருக்கு இதயம் சில நாட்களிலோ வாரங்களிலோ வலிமை பெறக்கூடும். பம்பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இதயம் தாங்குகிறதா என்று பார்த்து, பின்னர் எடுத்துவிடுவர்.

இரண்டாம் வழி, இதய மாற்று. மூன்றாம் வழி, ஆண்டுக்கணக்கில் இயங்கும் நிலையான பம்பு. இவ்விரண்டும் எல்லார்க்கும் பொருந்துவன அல்ல. வயது, சிறுநீரகம், நுரையீரல், பிற நோய்கள், பின்னர் வாழ்நாள் முழுதும் மருந்துண்ணும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்வர். மாற்று இதயத்துக்குப் பெரும் தட்டுப்பாடு உள்ளது. அமெரிக்காவில் 2018 அக்டோபரில் வரிசை விதிகளை மாற்றி, தற்காலிகப் பம்பில் இருப்போரை முன்வரிசையில் வைத்தனர். அதன்பின் இதய மாற்றுக்குக் காத்திருப்போருக்குப் பம்பு வைப்பது கண்கூடாகப் பெருகியது. ஒருவர் முன்னே செல்ல இன்னொருவர் பின்னே நிற்க நேர்கிறது. எவ்விதி வகுத்தாலும் இதயங்களின் எண்ணிக்கை கூடாவிடில் இத்துயரம் தீராது.

இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடை அரசின் ஒழுங்கமைப்பில் நடைபெற்று வருகிறது. பம்பின் துணையால் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, எங்கோ ஓர் இல்லத்தார் தம் துயரத்தின் நடுவே சொல்லும் ஒரு சம்மதமே வாழ்வாகிறது. அச்சம்மதத்தைப் பற்றி வீட்டில் முன்பே பேசி வைத்தல் நலம்.

நான்காம் வழி, பேசத் தயங்குவது. இதயம் தேறவில்லை, மாற்றுக்கும் நிலையான பம்புக்கும் இடமில்லை. அப்போது பம்பு மரணத்தைத் தள்ளி வைக்கிறதே தவிர, வாழ்வைத் திருப்பித் தருவதில்லை. நோயாளி நினைவோடு இருந்தால் அவரது விருப்பமே முதன்மையானது. நினைவில்லையேல், அவர் முன்னர் என்ன சொன்னார் என்பதைக் குடும்பத்தார் நினைத்துப் பார்க்க வேண்டும். மீளும் வாய்ப்பற்ற நிலையில் செயற்கைத் துணை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. பம்பை நிறுத்தும் முடிவு பிள்ளைகளின் அன்புக் குறைவன்று. அதைத் தனியொரு பிள்ளையின் தலையில் சுமத்தாதிருப்பது உறவினர் கடமை.

வாயிலில் கேட்க வேண்டியவை

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேட்பது தகும். இந்தப் பம்பு எந்த வழிக்காக வைக்கப்படுகிறது? இதயம் தேறும் என்று எதிர்பார்க்கிறீர்களா, அன்றி மாற்றுக்காகவா? மூளையும் சிறுநீரகமும் எந்நிலையில் உள்ளன? எத்தனை நாட்களுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்து சொல்வீர்கள்? தேறவில்லையெனில் அடுத்து என்ன? இம்மருத்துவமனையில் இதைப் பழகியவர்கள் இரவிலும் உள்ளனரா, வேறிடம் மாற்றுவது நல்லதா? செலவு எவ்வளவு, காப்பீடு எதை ஏற்கும்? கருவி பல இலட்சம் ரூபாய் பெறும். அத்துடன் ஒவ்வொரு நாளின் தீவிரச் சிகிச்சைக் கட்டணமும் சேரும். இவற்றைக் கேட்பதால் நல்ல மருத்துவர் வருந்தமாட்டார். வாய்திறந்து பேசும் குடும்பத்தோடு அவர் பணியும் எளிதாகும்.

கொல்லாமையைப் போற்றும் இல்லங்களில் இன்னொரு கேள்வியும் எழும். பம்பில் இரத்தம் உறையாதிருக்க வழக்கமாகத் தரப்படும் ஹெப்பாரின் என்ற மருந்து, பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. செயற்கையாக உருவாக்கப்படும் பைவாலிருடின், ஆர்கட்ரோபான் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. இம்பெல்லா பம்பின் உட்புறத்தைக் காக்கும் நீர்மத்தில் ஹெப்பாரினுக்கு மாற்றாகச் சோடியம் பைகார்பனேட்டைச் சேர்க்கும் முறையும் உண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நேரத்திலும் இவை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். எல்லா நோயாளிக்கும் பொருந்தும் என்றும் சொல்ல இயலாது. விருப்பத்தைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவித்து, இயலுமா என்று கேட்கலாம். அதன் பொருட்டுச் சிகிச்சை ஒரு மணி நேரமும் தாமதமாகாதபடி, அவரவர் உள்ளக்கருத்தை வீட்டில் முன்பே பேசி முடிவு செய்து வைத்தலே உரிய வழி.

எல்லாவற்றினும் சிறந்தது, பம்பு வேண்டிய நிலைக்கே செல்லாதிருத்தல். மார்பில் இறுக்கம், இடக்கை அல்லது தாடை வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் தோன்றினால் வாயுத்தொல்லை என்று எண்ணிக் கசாயம் குடித்துக் காத்திருத்தல் கூடாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரக்கூடும். 108ஐ அழைத்து, இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். அடைப்பு எவ்வளவு விரைவில் திறக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கிறது.

மீண்டும் அந்த வாயிலை நினைத்துப் பார்க்கலாம். படிவத்தைக் கையில் வைத்திருக்கும் மகன், "அப்பா பிழைப்பாரா?" என்பதோடு நிற்கவில்லை. "எதற்கான காலத்தை இந்தப் பம்பு வாங்கித் தருகிறது?" என்றும் கேட்கிறார். மருத்துவர் அவரை அருகில் அமர்த்திக்கொண்டு விளக்குகிறார். "மூன்று நாள் பார்ப்போம், தேறினால் எடுத்துவிடுவோம், தேறாவிட்டால் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம்" என்கிறார். மகன் கையெழுத்திடுகிறார். முடிவு எதுவாயினும், அது அக்குடும்பம் அறிந்து எடுத்த முடிவாகும்.